இரண்டு ட்வின் ஃபேன்டஸி: எதை முதலில் கேட்பது?

ட்வின் ஃபேன்டஸி என்ற பெயரில் இரண்டு ஆல்பங்கள்: ஒரே ஆள், அதே பத்துப் பாடல்கள், அதே வரிசை. ஒன்று 2011 நவம்பரில் வந்தது; பாடியவருக்கு அப்போது பத்தொன்பது வயது. மற்றது 2018 பிப்ரவரியில் வந்தது, அப்போது இருபத்தைந்து. முதலாவதை ஒரு மாணவன் கையில் இருந்ததை வைத்துக்கொண்டு பதிவு செய்தான். இரண்டாவதற்கு ஒரு குழு இருந்தது, ஸ்டூடியோ இருந்தது, பின்னால் நியூயார்க்கின் மடடோர் என்ற இசை வெளியீட்டுக் கம்பெனி இருந்தது. கார் சீட் ஹெட்ரெஸ்ட் என்ற பெயரில் பாடும் வில் டொலீடோவைப் பற்றி யாராவது விசாரித்தால், அடுத்த கேள்வியாக இதுதான் வரும்: ட்வின் ஃபேன்டஸி இரண்டு இருக்கிறதே, எதைக் கேட்பது?

"புதியதில் தொடங்குங்கள், பிடித்தால் பழையதற்கு வாருங்கள்" என்றுதான் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நியாயமாகத் தோன்றும் பதில். புதியதில் ஒலி தெளிவு. சொற்கள் காதில் விழும். டிரம்ஸ் டிரம்ஸாகவே கேட்கும். என் பேச்சை நம்பி அலுவலக நண்பர் ஒருவர் புதியதைக் கேட்டார். இரண்டு மாதம் அதையே ஓடவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் பழையதைப் போட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டார்: "இது என்ன சார், பக்கத்து வீட்டு டிவி சத்தம் மாதிரி இருக்கிறது?" அதோடு சரி, பழையதை அவர் திரும்பத் தொடவில்லை. அவர் மேல் தவறில்லை. வழி சொன்னவன் நான்.

இப்போது பழையதில் தொடங்கச் சொல்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனைக்கு வருவதற்கு முன், ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

டொலீடோ அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து லீஸ்பர்க் ஊர்க்காரர். பள்ளிப் பருவத்தின் கடைசியில் பாட்டுகளைத் தானே பதிவு செய்யத் தொடங்கினார். வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி கத்திப் பாடக் கூச்சம். காரின் பின் இருக்கையில் போய் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்துகொண்டார். கண்ணெதிரே இருந்தது முன் இருக்கையின் தலைசாய்ப்பு. குழுவின் பெயரும் அதுவே ஆயிற்று. குழு என்று சொல்வது மரியாதைக்கு. அன்றைக்கு அவர் ஒருவர்தான்.

2010இல் மட்டும் 1, 2, 3, 4 என்று எண்களையே பெயராக வைத்து நான்கு ஆல்பங்களை, கலைஞர்கள் தாங்களே பாட்டுகளை வெளியிடும் பேண்ட்கேம்ப் தளத்தில் ஏற்றினார். அவற்றில் பாதியை இன்று பொறுமையோடு கேட்பது கடினம். பிறகு வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் படித்துக்கொண்டே தொடர்ந்தார். 2014 முடிவதற்குள் பத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகள் சேர்ந்துவிட்டன. கம்பெனி இல்லை, தயாரிப்பாளர் இல்லை, விளம்பரம் இல்லை. வானொலியில் வராத, கடையில் கிடைக்காத அந்தப் பாடல்களை ஒரு சின்னக் கூட்டம் கண்டுபிடித்து, வரி வரியாகப் பிரித்து விவாதித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு ட்வின் ஃபேன்டஸி ஏறக்குறைய வேதம். தொலைவில் இருக்கும் இன்னொரு பையன் மீது ஒரு பையன் கொண்ட காதல்தான் ஆல்பம் முழுவதும். அது காதலா, அல்லது தன்னையே இன்னொருவனிடம் பார்த்துக்கொண்ட மயக்கமா என்று அவனுக்கே தெரியவில்லை. ஆல்பத்தின் பெயரில் வரும் இரட்டை அங்கிருந்துதான்.

2015இல் மடடோர் அவரைச் சேர்த்துக்கொண்டது. அது பேவ்மென்ட் என்ற ராக் குழுவை வெளியிட்ட கம்பெனி. ஓஹையோவின் டேட்டனில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சொந்தச் செலவில் இசைத்தட்டு போட்டுவந்த ராபர்ட் பொலார்டின் கைடட் பை வாய்சஸ் குழுவையும் வெளியிட்டது. வீட்டில் பதிவு செய்த இரைச்சலைக் கண்டு முகம் சுளிக்கும் இடமில்லை. அப்படியிருந்தும் டொலீடோ முதலில் செய்தது என்னவென்றால், பழைய பாடல்களில் சிலவற்றை எடுத்துத் திரும்பப் பதிவு செய்து டீன்ஸ் ஆஃப் ஸ்டைல் என்று வெளியிட்டதுதான். அடுத்த ஆண்டு புதிய பாடல்களோடு டீன்ஸ் ஆஃப் டினையல் வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. அதன் பிறகு புதிதாக ஒன்றைத் தருவார் என்று எல்லோரும் காத்திருந்தபோது, ஏழு வருடத்துக்கு முந்தைய ட்வின் ஃபேன்டஸியை முதலிலிருந்து கடைசி வரை மறுபடி செய்து கொடுத்தார்.

மறுபதிவு என்றதும் இன்று பலருக்கும் டெய்லர் ஸ்விஃப்ட் நினைவுக்கு வருவார். அது வேறு கதை. அவருடைய பழைய ஒலிப்பதிவுகளின் உரிமை 2019இல் வேறொருவர் கைக்குப் போனது. அதனால் 2021 முதல் அவற்றைத் திரும்பப் பாடி வெளியிடத் தொடங்கினார். அவற்றின் நோக்கமே, முடிந்தவரை பழையதைப் போலவே ஒலிக்க வேண்டும், கேட்பவர் பழையதை விட்டுப் புதியதற்கு மாற வேண்டும் என்பது. டொலீடோவிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. பழையதைப் போல ஒலிக்க வேண்டிய அவசியமும் இல்லை. பழையதைத் தளத்திலிருந்து எடுத்து ஒளிக்கவும் இல்லை. இரண்டுக்கும் துணைத்தலைப்பு கொடுத்து அருகருகே வைத்தார்: பழையது மிரர் டு மிரர், புதியது ஃபேஸ் டு ஃபேஸ். அதாவது கண்ணாடிக்குக் கண்ணாடி, முகத்துக்கு முகம்.

அதனால்தான் எது அசல் எது நகல் என்ற கேள்வி இங்கே எடுபடுவதில்லை. செய்தவரே இரண்டையும் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். தேர்வு நம் தலையில்.

காதுக்கு முதலில் படுவது

பழையதைப் போட்டதும் நெருடுவது குரல். மிகக் கிட்டத்தில் வைத்துக் கத்தியது போல ஓரங்களில் உடைகிறது. மேலே இன்னொரு குரலும் அவருடையதே, அதுவும் உடைகிறது. கிட்டார் எங்கே முடிகிறது, இரைச்சல் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. டிரம்ஸ் அட்டைப்பெட்டியைத் தட்டியது போல. சொற்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் முறை பிடிபடாது. ஆங்கிலம் நமக்கு வீட்டு மொழி இல்லையென்றால் பாதி கூடப் பிடிபடாமல் போகலாம். பாடல் வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அமெரிக்க ரசிகர்களும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

எனக்கு இந்த இரைச்சல் அவ்வளவு அந்நியமாக இல்லை. கேசட் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து, ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் என்று கணக்குப் பார்த்துப் பதிவு செய்து வாங்கி, அதை நண்பன் இன்னொரு கேசட்டில் ஏற்றி, அதிலிருந்து இன்னொருவன் ஏற்றி, நான்காம் கையில் பாட்டுக் கேட்டு வளர்ந்த காது இது. அடியில் ஓடும் "ஷ்ஷ்" என்ற ஒலியைத் தள்ளிவிட்டுப் பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் வித்தை தானாகவே வந்துவிட்டது. நான் சொல்லும் தீர்ப்பில் இந்தச் சார்பு உண்டு. மின்னணுக் காலத்தில் மட்டுமே கேட்டு வளர்ந்தவர் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கலாம்.

புதியதில் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கிறது. பேஸ் கிட்டார் தனியாக நடக்கிறது. ஆண்ட்ரூ கேட்ஸின் டிரம்ஸ் உண்மையிலேயே தள்ளுகிறது. அமைதியான இடம் அமைதியாகவும், வெடிக்கும் இடம் வெடிப்பாகவும் இருப்பதால், பாடல்களின் கட்டுமானம் வெளியே தெரிகிறது. பழையதில் எல்லாமே ஒரே சத்தத்தில் இருந்ததால் தெரியாமல் போன ஏற்ற இறக்கங்கள் இவை. பத்தொன்பது வயதில் அவர் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பாடல்களைக் கட்டியிருந்தார் என்பது 2018இல்தான் நிரூபணம் ஆகிறது.

பாடிஸ் என்ற பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில், இன்னும் பல்லவி வரவில்லையா என்று ஒரு கேள்வி வருகிறது. இல்லை, இப்போது சரணம்தான் கட்டிக்கொண்டிருக்கிறோம், அப்போதுதான் பல்லவி வரும்போது சுகமாக இருக்கும் என்று பாடகரே பதிலும் சொல்கிறார். பழையதில் இது ஒரு நல்ல நகைச்சுவை, அவ்வளவுதான். புதியதில் அந்தப் பதிலுக்குப் பிறகு நிஜமாகவே காத்திருக்க வைத்து, நிஜமாகவே பல்லவியை இறக்குகிறார்கள். சொன்னது நடக்கிறது. இந்தப் பாடலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை, புதியதுதான்.

இரண்டு பெயர்கள் மாறிய இடம்

சொற்களும் மாறியிருக்கின்றன. நெர்வஸ் யங் இன்ஹ்யூமன்ஸ் பாடலில் பல வரிகள் புதிதாக எழுதப்பட்டவை. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது க்யூட் திங் பாடலில் வரும் ஒரு சின்ன மாற்றம்.

அங்கே பாடகர் கடவுளிடம் இரண்டு வரம் கேட்கிறார்: ஒருவருடைய குரல், இன்னொருவருடைய மேடைத் தோரணை. 2011இல் கேட்ட குரல் டான் பெஹாருடையது. டெஸ்ட்ராயர் என்ற பெயரில் பாடும் கனடாக்காரர். மூக்கால் பாடும் விசித்திரமான குரல். இந்த வகை இசையில் ஊறியவர்களைத் தவிர மற்றவர்களுக்கு யாரென்றே தெரியாது. கேட்ட மேடைத் தோரணை த ஹூ குழுவின் பேஸ் கிட்டார்க்காரர் ஜான் என்ட்விசிலுடையது. கூட இருந்தவர்கள் கிட்டாரை உடைத்துக்கொண்டும் டிரம்ஸை உதைத்துக்கொண்டும் ஆடும்போது, நட்ட கம்பம் போல அசையாமல் நின்றே புகழ்பெற்ற மனிதர் அவர். அறைக்குள் உட்கார்ந்து பாடும், மேடைக்குப் பயந்த ஒரு பையன் கேட்கும் வரம் அது. சிரிப்பும் இருக்கிறது, உண்மையும் இருக்கிறது.

2018இல் அதே இடத்தில் பாடகர் ஃபிராங்க் ஓஷனின் குரலும், மேடையில் ஆடிப் பாடுவதற்குப் பேர்போன ஜேம்ஸ் பிரவுனின் மேடைத் தோரணையும் வருகின்றன. இப்போது பாடுகிறவர் ஊர் ஊராகப் போய் நிகழ்ச்சி நடத்துகிறவர். அசையாமல் நிற்கும் வரம் அவருக்கு இனி எதற்கு? வியர்வை சொட்ட ஆடுகிறவரின் வரம்தான் வேண்டும். ஃபிராங்க் ஓஷன் வந்து சேர்ந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. தன் முதல் காதல் ஓர் ஆண் மீது என்று அவர் 2012 ஜூலையில் பகிரங்கமாக எழுதினார். பழைய ட்வின் ஃபேன்டஸி வந்து எட்டு மாதம் கழித்து. 2011இல் டொலீடோவுக்கு அப்படிக் கை காட்ட ஒரு பெரிய பெயர் கண்ணெதிரே இல்லை. 2018இல் இருந்தது. இரண்டு பெயர்களை மாற்றியதில் ஏழு வருடம் அடங்கிவிட்டது. இதைப் பிடிக்க வேண்டுமென்றால் பழையதை முதலில் கேட்டிருக்க வேண்டும். புதியதை மட்டும் கேட்டவருக்கு அது இரண்டு நட்சத்திரங்களின் பெயர், அவ்வளவுதான்.

பன்னிரண்டு நிமிடச் சோதனை

நான் சொன்ன நிபந்தனை இதுதான். பழைய ஆல்பத்தின் இரண்டாவது பாடலான பீச் லைஃப்-இன்-டெத்தை மட்டும் முதலில் கேளுங்கள். பன்னிரண்டு நிமிடம். ஹெட்போனில், நடுவில் நிறுத்தாமல். கைபேசியின் ஒலிபெருக்கியில் கேட்கவே வேண்டாம். இருக்கும் இரைச்சல் போதாதென்று அது தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும்.

அந்தப் பாடல் மூன்று நான்கு தடவை முடிந்துவிட்டது போல் தோன்றும். முடியாது. வேகம் குறையும், வேறு மெட்டு வரும், திரும்ப முதல் மெட்டு வேறு கோபத்தோடு வரும். நடுவில் ஓர் இடம்: நண்பர்கள் எல்லோரும் ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவன் தன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்ல வாயெடுத்து, சிரித்துப் பேச்சை மாற்றிவிடுகிறான். மூன்று வரியில் போய்விடும் விஷயம். பழைய பதிவில் அந்த வரிகளை ஸ்கைப்பில் கேட்பது போலவே கேட்கிறோம். இணைப்பு சரியில்லாத ஓர் அழைப்பில், எதிர்முனையில் ஒருவன் எதையோ சொல்ல வருகிறான், பாதி உடைகிறது. மோசமான ஒலிவாங்கி அங்கே குறையாகத் தெரியவில்லை. பாட்டின் சங்கதியே அதுதான் என்று ஆகிவிடுகிறது. புதியதில் இதே வரிகள் துல்லியமாகக் காதில் விழுகின்றன. நன்றாகவும் இருக்கிறது. ஆனால் அங்கே பாடுகிறவர் அந்த இரவைத் தாண்டி வந்துவிட்டவர். நடந்த கதையைச் சொல்கிறார்.

இந்தப் பன்னிரண்டு நிமிடத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் பழையதையே முதலிலிருந்து தொடருங்கள். ஒரு வாரமோ பத்து நாளோ அதிலேயே இருங்கள். நான்காவது நிமிடத்தில் தலை வலித்தால் நிறுத்திவிட்டு நேரே புதியதற்குப் போய்விடலாம். கட்டாயப்படுத்திக் கேட்டு ரசிப்பதற்கு இது ஒன்றும் கஷாயம் இல்லை.

பழையதை முதலில் வைப்பதற்கு முக்கியக் காரணம், இந்தப் பாதையில் ஒரு திசையில்தான் சுலபமாக நடக்க முடிகிறது என்பது. இரைச்சலில் இருந்து தெளிவுக்கு வரும்போது ஒவ்வொரு பாடலிலும் ஏதாவது கிடைக்கிறது: ஓ, இங்கே இப்படி ஒரு கிட்டார் இருந்ததா, இந்தச் சொல் இதுதானா என்று. தெளிவில் இருந்து இரைச்சலுக்குப் போகும்போது ஒவ்வொரு பாடலிலும் ஏதாவது குறைகிறது. என் அலுவலக நண்பருக்கு நடந்தது இதுதான்.

மற்றப் பாடல்களைப் பற்றி விரைவாக. முதல் பாடல் மை பாய், மூன்றாவதான ஸ்டாப் ஸ்மோக்கிங் இரண்டிலும் வித்தியாசம் பெரிதில்லை; இரண்டும் சின்னப் பாடல்கள். ஹை டு டெத் இரண்டிலும் மெதுவாக ஊர்கிறது. எனக்கு இரண்டிலும் நீளம் அதிகம். சோபர் டு டெத் மட்டும் இன்றும் பழையதில்தான் கேட்கிறேன். மனம் சரியில்லாத ஒருவனுக்கு மனம் சரியில்லாத இன்னொருவன் ஆறுதல் சொல்லப் பார்க்கும் பாட்டு அது. அதை நன்றாகப் பாடினால் ஏதோ இடிக்கிறது. புதியதில் அவர் நன்றாகவே பாடுகிறார்.

பதினாறு நிமிடம்

இவ்வளவு சொன்ன பிறகு, புதியதின் பக்கம் தராசு சாயும் இடத்தையும் சொல்ல வேண்டும். ஒன்பதாவது பாடல் ஃபேமஸ் ப்ராஃபெட்ஸ். பழையதில் பத்து நிமிடம், புதியதில் பதினாறு. பழையதில் அடைப்புக்குறிக்குள் மைண்ட்ஸ் என்று துணைப்பெயர். புதியதில் அது ஸ்டார்ஸ் ஆகியிருக்கிறது. மனங்கள் இருந்த இடத்தில் நட்சத்திரங்கள்.

கூடுதலான ஆறு நிமிடம் வெறும் நீட்டல் இல்லை. பழையதில் கோபமும் ஏக்கமும் மாறி மாறி வந்து களைத்து முடிந்துவிடும். புதியதில் அந்தக் களைப்புக்குப் பிறகும் பாட்டு நிற்காமல் போகிறது. அடங்கி, பியானோவுக்கு இறங்கி, அடியிலிருந்து மெல்ல ஏறி, கடைசியில் குழு மொத்தமும் சேர்ந்து சுவரைத் தள்ளுவது போல ஒரு முழக்கம். அதன் முடிவில் ஒரு குரல் விவிலியத்திலிருந்து வாசிக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், பதின்மூன்றாம் அதிகாரம். கல்யாண வீடுகளில் வாசிக்கும் அதே அன்பின் அதிகாரம்தான். நம் ஊர்த் தேவாலயங்களில் வாசிக்கப்படும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த வசனம் இப்படி இருக்கிறது: "இப்பொழுது கண்ணாடியிலே நிழலாட்டமாய்ப் பார்க்கிறோம், அப்பொழுது முகமுகமாய்ப் பார்ப்போம்."

துணைத்தலைப்புகள் இரண்டும் எங்கே இருந்து வந்தன என்பது இந்த இடத்தில்தான் விளங்கும். பழையது கண்ணாடி, புதியது முகம். அந்தத் தமிழ் வசனத்தில் வரும் "நிழலாட்டமாய்" என்ற சொல்லைவிடப் பழைய பதிவின் ஒலிக்குப் பொருத்தமான விவரிப்பு எனக்குக் கிடைக்கவில்லை. உருவம் தெரிகிறது, அசைகிறது, ஓரம் மட்டும் பிடிபடவில்லை. 2011இல் பாடியவனுக்கு எதிரில் இருந்தவனே ஒரு கண்ணாடி. தன் நிழலைத்தான் அவனிடம் பார்த்தான். இருபத்தைந்து வயதில் திரும்பிப் பார்க்கும்போது, எதிரில் இருந்தது இன்னொரு மனிதன் என்று முகம் தெரிகிறது. வசனம் சொல்லும் வரிசையும் இதே வரிசைதான், முதலில் கண்ணாடி, பிறகு முகம்.

வேறு வழிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. சிலர் இரண்டு ட்வின் ஃபேன்டஸிகளையும் விட்டுவிட்டு டீன்ஸ் ஆஃப் டினையலில் தொடங்கச் சொல்வார்கள். தவறான யோசனை இல்லை. 2016இல் வந்த அந்த ஆல்பம் ஸ்டீவ் ஃபிஸ்க் தயாரிப்பில் கச்சிதமான ராக். ஒரு பஸ் பயணத்தில் கேட்டுவிடலாம். ஆனால் அதில் நீங்கள் சந்திப்பது கம்பெனிக்குள் வந்துவிட்ட டொலீடோவை. கம்பெனி என்றால் என்ன என்பதற்கும் அந்த ஆல்பத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஒரு பாடலில் த கார்ஸ் குழுவின் பழைய பாடலிலிருந்து ஒரு பகுதியைப் பயன்படுத்தியிருந்தார். அனுமதி கிடைத்துவிட்டது என்று மடடோர் நினைத்திருந்தது. வெளியீட்டுக்குச் சில நாட்களே இருக்கும்போது அந்தக் குழுவின் ரிக் ஒக்காசெக் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சாகி முடிந்திருந்த இசைத்தட்டுகளைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டியதாயிற்று. டொலீடோ அவசர அவசரமாக அந்தப் பாடலை மாற்றி எழுதிக் கொடுத்தார். பேண்ட்கேம்ப் காலத்தில் தட்டும் இல்லை, அழிக்க ஒன்றும் இல்லை. அன்று மாலையே கோப்பை மாற்றி ஏற்றிவிட்டுப் போயிருப்பார்.

இன்னொரு வழி, பாடல் பாடலாக மாற்றி மாற்றிக் கேட்பது: பழைய மை பாய், புதிய மை பாய், பழைய பீச் லைஃப், புதிய பீச் லைஃப் என்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் செய்து பார்த்தேன். இரண்டே கால் மணி நேரம் போனது. பரீட்சைத் தாள் திருத்துகிறவனைப் போல எதில் என்ன குறை என்று மட்டும் குறித்துக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டு கூட மனதில் இறங்கவில்லை. முதல் முறை கேட்பவர்கள் இதைச் செய்யவே கூடாது. இரண்டையும் நன்றாகத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு பொழுதுபோக்கு.

அண்மைய வெளியீடுகளிலிருந்து பின்னோக்கி வரலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2020இல் வந்த மேக்கிங் எ டோர் லெஸ் ஓப்பன் மின்னணு ஒலிகள் கலந்த வேறு திசை. முகத்தில் வாயு முகமூடி மாட்டிக்கொண்டு டொலீடோ வந்த காலம் அது. அதற்குப் பிறகு ஐந்து வருட இடைவெளி விட்டு, 2025 மே மாதம் த ஸ்காலர்ஸ் வந்தது. கதாபாத்திரங்கள், கதை என்று விரியும் ராக் ஆப்பரா, நீண்ட பாடல்கள். பீச் லைஃப்-இன்-டெத்தைக் கேட்டுப் பழகியவர் அதற்குள் தயக்கமில்லாமல் போய்விடுவார். நேரே அங்கே போய் இறங்குகிறவர் திணறலாம்.

வாங்குவதாக இருந்தால்

கேட்பதற்குச் செலவில்லை, இரண்டும் இணையத்தில் கிடைக்கின்றன. இசைத்தட்டு வாங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. புதியது இரட்டை இசைத்தட்டு. பழையதையும் மடடோர் 2018இல் தட்டாகக் கொண்டுவந்தது. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் புதியதை வாங்குங்கள். கேட்கும் வரிசையில் பழையதுக்கு முதலிடம் கொடுத்த நானே இதைச் சொல்கிறேன். நல்ல ஊசி, நல்ல ஒலிபெருக்கி என்று செலவழித்து, உடைந்த குரலை இன்னும் துல்லியமாக உடைந்த குரலாகக் கேட்பதில் என்ன இருக்கிறது? அந்தப் பதிவு பிறந்தது கணினிக் கோப்பாக. அதற்கு ஹெட்போனே உரிய இடம். ஃபேமஸ் ப்ராஃபெட்ஸின் பதினாறு நிமிடத்துக்கு மட்டும் அறை வேண்டும், காற்று வேண்டும்.

குறுந்தகடு இயக்கி இன்னும் வீட்டில் வைத்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று உண்டு. 2018இன் குறுந்தகட்டுப் பதிப்பில் இரண்டு தகடுகள், இரண்டு ட்வின் ஃபேன்டஸிகளும் ஒரே உறைக்குள். அலுவலக நண்பரின் பிறந்தநாளுக்கு அதைத்தான் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். புதிய தகட்டை மட்டும் எடுத்து ஒரு மாதம் என்னிடமே வைத்துக்கொண்டு.